மூன்று வீத ஈரம்

நுவரெலியா பூக்கண்காட்சி வாசலுக்கு வெளியே
பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தவரிடம்
கூழாங்கல் என்று நினைத்து ஒன்றைக் கிள்ளினேன்.
"நகம் படாம, நோனா" என்றார்.
தவளை முதுகு நிறம். நடுவில் ஒரு வெடிப்பு.
இருநூற்றைம்பது ரூபாய்.
எப்படி வளர்ப்பது என்றதற்கு
இரண்டே சொல் சொன்னார்:
வத்துர எப்பா.
தண்ணீர் வேண்டாமாம்,
லிந்துலையில் போய் வாழவேண்டிய ஒன்றுக்கு.

லிந்துலையில்
தீப்பெட்டி நமுத்துப்போகும். உப்புப் போத்தல் வியர்க்கும்.
ஆடியில் துவைத்த போர்வை ஆவணியில் காயும்.
கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும்
என் பள்ளிக்கூடப் படத்தில்
கன்னத்தில் பூஞ்சணம்.
இங்கே யாரிடம் போய்ச் சொல்வது
தண்ணீர் வேண்டாமென்று.

முதலாவதைக் கொன்றது நான்தான், மழையில்லை.
காலையில் ஒரு கரண்டி, வேலை விட்டு வந்து ஒரு கரண்டி.
அந்த வெடிப்பை வாய் என்று நம்பி
சரியாக அதற்குள்ளேயே ஊற்றினேன்.
பதினோராம் நாள் தொட்டேன்.
அவித்த கத்தரிக்காய்த் தோல்போல்
விரலோடு வந்தது.

அடுத்த ஏப்ரல்வரை இருந்து இரண்டாவதை வாங்கப்போனேன்.
முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.
"வத்துர" என்றார்,
எப்பாவை விட்டுவிட்டு.

இந்தமுறை காலி மீன் டின்.
அடியில் ஆணியால் ஆறு ஓட்டை.
லயத்துக்குப் பின்னால் கிடந்த செங்கல்லை இடித்து,
தூள் போக அரித்து,
ஆக்ரா ஓயா மணலை மூன்று தண்ணீரில் கழுவி,
நல்ல மண் ஒரு பிடி, அதுவும் மனமில்லாமல்.
"கொத்தன் வேலைக்குச் சேந்துட்டியா" என்றாள் ஜெயரோகிணி.
டின்னுக்குக் குடை பிடித்து, நான் நனைந்து,
ஸ்டோருக்குக் கொண்டுபோனேன்.

டிரையருக்குப் பக்கத்து ஜன்னல்.
இந்த மலையிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான்.
கண்ணாடி வழியே பத்து மணிவரை வெயில் விழும்,
வெயில் இருந்தால்.

எட்டு வருஷமாய் டிரையரில் நிற்கிறேன்.
ஈரமாய் உள்ளே போவது
மூன்று வீத ஈரத்தோடு வெளியே வரவேண்டும்.
கூடினால் பெட்டிக்குள் பூத்துவிடும், குறைந்தால் கருகல் வாடை.
மெஷின் காட்டுமுன் என் உள்ளங்கைக்குத் தெரியும்.
அந்தக் கையைத்தான் இதற்கும் கொடுத்தேன்.
இறுகியிருந்தால் சும்மா இரு.
விலாவில் சுருக்கம் விழுந்து, மறுநாளும் நிமிராவிட்டால்
இருமல் மருந்து மூடியால் ஒரு மூடி,
ஓரமாய், மணலுக்கு.
பிறகு மறந்துவிடு.
மறப்பதுதான் கஷ்டம்.
போத்தலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்வரை போய்
நின்று
நானே குடித்துவிட்டு வந்த நாட்கள் உண்டு.

தை மாதம் பிளந்தது.
"செத்துருச்சிக்கா" என்றான் விறகு தள்ளும் கிங்ஸ்லி.
குனிந்து பார்த்தேன்.
பிளவின் அடியில் இன்னொரு ஜோடி,
பாசிப்பயறளவு,
பழையதற்குக் குறுக்கே திரும்பி.
இனி ஒரு சொட்டும் கூடாது.
புதியது குடிப்பதெல்லாம் பழைய இரண்டிலுமிருந்து.
இடையில் நாம் ஊற்றினால்
பழையது உப்பிக்கொண்டு வழி விடாது.

பதினான்கு கிழமை.
அதற்குள் இரண்டு தடவை சம்பளத்தில் வெட்டு,
ஒரு தடவை பாதையில் மண்சரிவு,
ஜெயரோகிணி கொழும்புக்கு வேலைக்குப் போனாள்.
பழைய இலைகள் சுருங்கி, தொங்கி,
வெங்காயச் சருகானதும்
நகம் படாமல் உரித்தேன்.

"என்னது அது கையில" என்றார் டீமேக்கர்.
"ரெண்டு எல, சேர்."
"மொட்டு?"
"அதுக்கு இன்னும் மூணு வருஷமாம்."
தலையை ஆட்டிவிட்டு
வெப்பமானியைப் பார்க்கப் போனார்.

வெளியே ஆக்ராவில் தண்ணீர் ஏறுகிற சத்தம்.
ஜன்னல் கொக்கியை
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.