ரொட்டி இல்லாத நாள்

வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள்
கஸ்பாரேயை மாவு எழுப்பும்.
இன்று எழுப்ப எதுவும் இல்லை.
ஆனாலும் இரண்டு மணிக்கு விழித்து
கட்டில் விளிம்பில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான்,
வேலை போனவன் மாதிரி.

டிசம்பர் பதின்மூன்று. புனித லூசியாவின் நாள்.
பலெர்மோவில் இன்றைக்கு ரொட்டியைத் தொடமாட்டார்கள்.
பாஸ்தாவும் கூடாது.
பேக்கரிக்காரன் வீட்டுக்கு இது பண்டிகையா தண்டனையா
என்று இருபத்தாறு வருடமாக யோசிக்கிறேன்.

எதிர்க்கடை டானோவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.
விடியுமுன்பே எண்ணெய் காய வைத்துவிட்டான்.
அரிசி உருண்டை, ஆயிரத்து இருநூறு.
உள்ளே கறியும் பட்டாணியும்,
அரிசியில் குங்குமப்பூ மஞ்சள்.
எங்களூரில் அந்த உருண்டை பெண்பால்.
மருமகள் அகதீனா கத்தானியாக்காரி;
அவள் ஊரில் அது ஆண்பால், தலையும் கூம்பு.
"அவளை இன்னும் நாலு வாங்கவா?" என்பான் என் மகன்.
"அவனையா?" என்பாள் இவள்.
இந்த ஒரு சண்டையை வைத்தே
அவர்கள் குடித்தனம் ஒழுங்காக நடக்கிறது.

என் பொறுப்பு கோதுமை.
மூன்று நாள் ஊறியது, தினமும் தண்ணீர் மாற்றி.
நேற்று ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில்
பல் பட்டால் வெடிக்கிற பதத்துக்கு வெந்தது.
ரிக்கோட்டாவைச் சல்லடையில் தேய்த்தேன், இரண்டு தரம்.
சர்க்கரை, பாகில் ஊறின பூசணி, சாக்லேட் சில்லு,
கொஞ்சம் பட்டை.
குச்சீயா.
பதினேழு கிண்ணம்.
நாலாம் மாடி வக்கீலுக்கு, மருந்துக்கடைக்கு,
ஈஸ்டரிலிருந்து பேசாத நாத்தனாருக்கும் ஒன்று.
கிண்ணத்துக்குக் கோபம் கிடையாது.

ஒரு பஞ்சத்தில் துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததாம்,
இதே நாளில், வயிறு நிறையக் கோதுமையோடு.
திரிகையைத் தேடப் பசிக்குப் பொறுமை இல்லை.
முழுசாகவே வேகவைத்துத் தின்றார்கள்.
தன் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கும் லூசியாவைக்
கும்பிட்டார்கள்.
மாலுமியின் பேரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆறரைக்குத் தெருவில் ஹாரன்.
பூட்டிய ஷட்டருக்கு முன்னால்
மாவு மில்லின் லாரி, நாளைக்கு வரவேண்டியது.
பழைய டிரைவருக்குக் கால் முறிவாம்.
இவன் புதுசு, ருமேனியாக்காரன்.
மெசீனாவில் லாரியோடு கப்பலேறிக் கடல் தாண்டி
ராவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறான்.
இறங்கியதும் முதல் வார்த்தை:
"சூடாக ஒரு ரொட்டி கிடைக்குமா?"

கஸ்பாரே சிரித்த சிரிப்பில்
தெருவின் ஜன்னல்கள் திறந்தன.

நான் கிண்ணத்தை நீட்டினேன்.
ஒரு கரண்டி வாயில் வைத்தவன்
மெல்லவில்லை.

"எங்கள் பக்கம்" என்றான் கடைசியில்,
"இது செத்தவர்களுக்குச் செய்வது.
கோதுமை, சர்க்கரை, வால்நட். மேலே மெழுகுவர்த்தி.
ஆகஸ்டில் அம்மாவுக்குச் செய்தார்கள்.
எனக்கு லீவு கிடைக்கவில்லை.
என் பங்கை யாரோ தின்றிருப்பார்கள்."

டானோவின் எண்ணெய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அகதீனா உள்ளே போய்
லூசியா படத்தின் முன்னால் எரிந்ததைப் பிடுங்கி வந்தாள்.
ரிக்கோட்டாவில் மெழுகுவர்த்தி நிற்காது.
ஒரு தரம் சாய்ந்தது. இன்னொரு தரமும்.
பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டாள்,
மெழுகு விரலில் சொட்டச் சொட்ட,
அவன் அடிக்கிண்ணம் வழித்து முடிக்கும்வரை.

அப்புறம் மூட்டை இறக்கினார்கள்.
சும்மா இருக்க விதிக்கப்பட்ட என் புருஷன்
தோளில் மாவு ஏறியதும் பத்து வயது குறைந்தான்.
ரசீதில் கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து கேட்டான்,
"உன் பேர் என்ன?"
"நேலு."
மூட்டை நாற்பது என்பதற்குப் பக்கத்தில்
அதையும் எழுதினான்,
எழுத்துக்கூட்டி, பென்சிலை நக்கி நக்கி.

"சுடச்சுட இருக்கிறாள், வாங்க!" கூவுகிறான் டானோ.
"இருக்கிறான்" என்கிறாள் மருமகள்,
விரலில் ஆறிய மெழுகை உரித்துக்கொண்டே.