துணைக்கால்

மூன்று உறைகள்.
மேசையில் பிளேன்டீ வைத்த வட்டம்
காயாமல் கிடக்கிறது.
வைகாசி பிறந்துவிட்டால் மஸ்கெலியாவில்
முத்திரை மைகூடக் காய்வதில்லை.

வாங்கவேண்டியது அறுநூற்று நாற்பது மழைப் படங்கு.
இடுப்பில் சுற்றிக்கொண்டு
கொழுந்து மலை ஏறுகிறவர்களுக்கு.
பணம் அவர்களுடையதுதான்,
சங்கத்துச் சந்தாவாக மாதாமாதம் பிடித்தது.

முதல் உறை ஹட்டன். அடுத்தது நுவரெலியா.
வேறு கடை, வேறு தலைப்பு, வேறு கையெழுத்து,
விலையில் பதினைந்து ரூபாய் வித்தியாசம்.
இரண்டிலும்
"நீர்புக படங்கு" என்றிருந்தது.

ஒரு துணைக்காலை
இரண்டு ஊரில், ஒரே இடத்தில்
தொலைப்பார்களா?

புகா என்பது
காலில்லாமல் புக என்று நிற்கிறது.
சிரிப்பு வந்தது.
மாதிரியைக் குழாயடியில் விரித்துப் பிடித்தேன்.
தையல் வழியே இறங்கிய தண்ணீர்
முழங்கைக்கு வந்தது.
எழுதியவன் பொய் எழுதவில்லை.

மூன்றாவது கொட்டகலை.
கால் இருந்தது.
தையலுக்கு மேல் பட்டி ஒட்டியிருந்தது.
கேத்தல் நிறைய ஊற்றியும்
உள்பக்கம் வைத்த விரல் நனையவில்லை.
ஆயிரத்து நூற்றியெண்பது,
ஹட்டன் விலைக்கு நானூற்றறுபது குறைவு.
கீழே கையெழுத்து:
பெ. மருதைவீரன்.

என் கொழுந்தன்.

"நல்ல சாமான், குறைஞ்ச விலை.
சொந்தம்னா தள்ளி வைக்கணுமா?"
செயலாளர் பெனடிக்ட் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.
"சாமானைத் தள்ளவேணாம் சேர்.
என்னைத்தான்."

கொள்வனவுப் படிவத்தின் கடைசித் தாள்
ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது.
இத்தனை வருஷத்தில் ஒருவரும் பிரிக்கவில்லை.
உறவுமுறை என்ற கோட்டில்
கணவரின் தம்பி என்று எழுதினேன்.
ஒரே அடுப்பு என்பதற்குக் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதினேன்.

பிறகுதான் உறைத்தது.
அந்த இரண்டு உறைகளில் நான் கண்டுபிடித்த தவறும்
மருதைக்கு நான் செய்த உபகாரமாகிவிடும்.
நெற்றியில் ஒட்டியா இருக்கிறது
என் பென்சில் யாருக்காகச் சுழித்ததென்று?

சுழித்ததை அழித்தேன்.
கணக்காளர் லூர்துமேரியின் கையில்
கேத்தலைக் கொடுத்தேன்.
"நான் சொன்னேன்னு எதையும் எழுதாதீங்க.
மூணையும் நீங்களே வாசிங்க.
மூணுக்கும் நீங்களே ஊத்துங்க."

வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன்.
நல்லதண்ணி பஸ்
மூடுபனிக்குள்ளிருந்து பாதியாய் வந்து
பாதியாய்ப் போகிறது.
யூரியாப் பையைத் தலையில் கவிழ்த்த ஒருத்தி
கதவருகே நின்று கேட்கிறாள்,
"கிளாக்கரம்மா, படங்கு எப்ப?"
நாள் சொல்ல முடியவில்லை.

கைப்பை நடுங்குகிறது.
மருதைதான், மூன்றாவது தடவை.
ராத்திரி சாப்பாட்டில்
யாரும் என் பக்கம் ரசத்தை நகர்த்தமாட்டார்கள்.
அவன் தோற்றாலும் என்னால்தான்,
ஜெயித்தாலும் ஊருக்கு என்னால்தான்.

கதவு இன்னும் சாத்தியிருக்கிறது.
உள்ளே
கேத்தலை யாரோ
மறுபடி நிரப்புகிறார்கள்.