மேற்படி

அந்தியேட்டி முடிந்த மறுநாள்
சங்கச் செயலாளர் வந்து
மரண சகாயக் காசை எண்ணி வைத்தார்.
பற்றுச்சீட்டில் என் கையெழுத்து.
செருப்பை மாட்டிக்கொண்டே,
"இன்சூரன்சும் ஏதோ கட்டினவன்,
தேடிப் பாருங்கோ" என்றார்.

தேடுவதென்றால்
அவன் வீட்டுக்குள் போகவேண்டும்.

பதினொரு வருசம்.
நடுவில் தகரவேலி.
செத்தவீட்டுப் பந்தலுக்கு இடம் காணாதென்று
பெடியள் மூன்று தகரத்தைக் கழற்றி
மாமரத்தில் சாத்தியிருந்தார்கள்.
அந்த ஓட்டையால்தான் போனேன்.

குலேந்திரன் ஒன்றையும் எறியாதவன்.
லாச்சி நிறைய எரியாத ரோர்ச்சுகள்,
மீற்றர் வாசித்துத் திரிந்த காலத்துக் கொப்பிகள்,
இடம்பெயர்ந்து போன வருசம்
சாவகச்சேரியில் வாங்கிய சவர்க்காரத்தின்
விலை எழுதிய துண்டு.
மெத்தைக்குக் கீழே
அம்மாவின் கண்ணாடிக் கூடு.
உள்ளே கண்ணாடி இல்லை, இரண்டு ஊசி.
சாமிப்படத்துக்குப் பின்னால் பல்லி முட்டை.
அரிசி வாளிக்குள்ளும் கையை விட்டேன்.
அவன் கடைசியாய் அளந்த சுண்டு
அப்படியே புதைந்து கிடந்தது.

மூன்றாம் நாள்
அலுமாரிக்கு மேலிருந்த பழைய கோவையை இறக்கினேன்.
எனக்கு மனப்பாடமான கோவை.
மல்லாகம் கோடு. ஏழாலைக் காணி.
வழக்காளி அவன். எதிராளி நான்.
பொருள்: மூன்றடி அகல நிலம், அதில் ஒரு முருங்கை.

நில அளவைப் படத்துக்குக் கீழே
மடித்து மடித்து மஞ்சளான பத்திரம்.

பின்னுரித்தாளர் என்ற இடத்தில்
அம்மாவின் பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டி
மேலே என் பெயர்.
உறவு: அக்கா.
முகவரி: மேற்படி.

திகதியைப் பார்த்தேன்.
அன்று கோட்டில்
அவனுடைய அப்புக்காத்து என்னைப் பார்த்து,
"இந்த அம்மாவுக்குத் தம்பியென்ற எண்ணமே இல்லை, கனம் கோட்டார் அவர்களே" என்றார்.
அவன் தலை குனிந்து
குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.
பிறகு வரும் வழியில்
சுன்னாகத்தில் இறங்கியிருக்கிறான்.

பற்றுச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாய் விரித்தேன்.
தவணை நாளெல்லாம் தவணைப் பணம்.
ஒரே பயணத்தில் இரண்டு வேலை.
பஸ் காசை வீணாக்க மாட்டான்.

சுன்னாகத்துக் கிளையில்
கழுத்துப்பட்டி கட்டின பெடியன்
போனசும் சேர்த்துக் கணக்குப் பார்த்து
ஒரு தொகை சொன்னான்.
என் அப்புக்காத்து மட்டும்
அதைவிடக் கூட வாங்கியிருப்பார்.

கடைசியாய் எப்போது கதைத்தனீங்கள் என்று
கேட்டால் என்ன சொல்வதென்று
வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.
அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.
வேறொன்று கேட்டான்.
"அம்மா, இதில மேற்படி எண்டு கிடக்கு.
உங்கட அடையாள அட்டையில வேற இலக்கம்.
ரெண்டும் ஒரே வளவெண்டு
விதானையாரிட்ட ஒரு கடிதம் வேணும்."

ஒரே வளவில்லை என்று
பதினொரு வருசம்
இரண்டு பேரும் காசு கட்டி நிறுவிக்கொண்டிருந்தது
அவனுக்கு எப்படித் தெரியும்?

விதானையாருக்குத் தெரியும்.
எல்லைக்கல் காட்டச் சாட்சிக்கு வந்த மனிசன்.
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
கனநேரம் என்னைப் பார்த்தார்.
"எழுதட்டோ?"
"எழுதுங்கோ."
மேற்படி காலஞ்சென்றவரும் அவரது சகோதரியும்
ஒரே வளவில் வசித்து வந்தனர்
என உறுதிப்படுத்துகிறேன்.
முத்திரை குத்தும்போது
மேசை ஒருமுறை ஆடியது.

மை காயவில்லை.
ஊதி ஊதி நடந்து வந்து
அவன் படலையைத் திறந்தேன்.

முருங்கை காய்த்துச் சரிந்து நிற்கிறது.
தடையுத்தரவு இருக்கிறது,
ஒருவரும் பிடுங்கக்கூடாது.
அடுத்த தவணை ஐப்பசியில்.