மஞ்சள் நாடா

வால்டிவியாவில் ஜூன் மாதம்.
மழை இங்கே வந்துபோவதில்லை,
குடியிருக்கிறது.
கூரை மட்டும் முடிந்த வீட்டின்
வெறும் சிமென்ட் தரையில் முழங்காலிட்டு
மஞ்சள் நாடாவை ஒட்டிக்கொண்டே போகிறான் எரிபெர்ட்டோ.

இது பாத்திரம் கழுவும் தொட்டி.
இது மேடை, அறுபது சென்டிமீட்டர் அகலம்.
இது இரும்பு விறகடுப்பு.
அடுப்பில் மட்டும் பேரம் கிடையாது,
இந்த ஊரில் ஆறு மாதத்துக்கு
அதுதான் வெயில்.

ஈரத்தில் உரிந்து உரிந்து எழுகிறது நாடா.
"சுவரே வைக்கல, அதுக்குள்ள இடியுதே"
என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
இரண்டு சம்பளம், இருபத்தைந்து வருஷக் கடன்,
இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம்.
கோடு கோணக்கூடாது அவனுக்கு.

பழைய வீட்டில் பதினொரு வருஷம்
சுவரைப் பார்த்தே பாத்திரம் கழுவினேன்.
முதுகுக்குப் பின்னால் நடந்ததெல்லாம்
காது சொல்லித்தான் தெரியும்.
ஒரு நாள் கதவு சாத்தும் சத்தம்.
திரும்பினேன்.
கையில் நுரை இருந்தது,
நாற்காலியில் ஆளில்லை.

ஆகவே எனக்கு ஒரே நிபந்தனை:
தொட்டி அறையைப் பார்த்திருக்க வேண்டும்.
குழாயைத் திருப்ப
கூடுதல் பணம் கேட்டார் பிளம்பர்.
காரணம் கேட்கவில்லை.
கொடுத்துவிட்டேன்.

"சும்மா பாத்துட்டே இருந்தா?
சமைச்சுப் பாக்கலாம் வாங்க"
என்றான் என் மகன் காஸ்பர்.
ஏழு வயது அதிகாரி.
அப்பா அடுப்புக்கு, அம்மா தொட்டிக்கு.
கதவில்லாத வாசலில்
மழைக்கோட்டைக் கழற்றாமல் நின்றாள்
எரிபெர்ட்டோவின் மகள் ராயேன்.
பதினான்கு வயது.
ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி வருவாள்,
பையைப் பிரிக்காமல் திரும்பிப் போவாள்.
"நீ ஃப்ரிட்ஜ்" என்றான் காஸ்பர்.
எனக்கு மூச்சு நின்றது.

அவள் வந்தாள்.
அடுப்பை ஒட்டிய மஞ்சள் சதுரத்துக்குள்
கைகட்டி நின்றாள்.
அவள் நகர்ந்துவிடக் கூடாதென்று
இரண்டு காலணிகளைச் சுற்றியும்
நாடா ஒட்டினான் பொடியன்.

இல்லாத வெங்காயத்தை நறுக்கினோம்.
இல்லாத கொதியில் கைசுட்டு
"ஸ்ஸ்" என்றான் எரிபெர்ட்டோ.
குனிந்து அவன் அடுப்புக் கதவைத் திறக்க
அது போய் ஃப்ரிட்ஜின் முழங்காலில் இடித்தது.

"என்னை நெருப்புப் பக்கத்துல வெச்ச
புத்திசாலி யாரு?" என்றது ஃப்ரிட்ஜ்.
"என் பால் திரிஞ்சுபோகுது."

வரைபடத்தைப் பார்த்தான் அவள் அப்பா,
மூன்று மாதம் கிறுக்கிக் கிழித்த வரைபடம்.
காதோரம் சிவந்தது.
"அப்ப எங்க போகணும், நீயே சொல்லு."

காலில் ஒட்டிய நாடாவை இழுத்துக்கொண்டு
ஜன்னல் மூலைக்கு நடந்தாள்.
அங்கிருந்து நதி தெரியும்,
மழை விட்டால்.
கையில் இல்லாத தட்டோடு நிமிர்ந்தேன்.
நேர் எதிரே அவள் முகம்.
இரண்டு வருஷத்தில்
இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை.
சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் சிரிக்குமா?
ஒரு கையை மட்டும் கதவுபோல் விரித்து
காஸ்பரிடம் எதையோ நீட்டினாள்.
"வெண்ணெய். இதுதான் கடைசி.
நாளைக்கு வாங்கணும்."

மறுநாள் வெண்ணெய் வாங்கப்பட்டது என்றெல்லாம்
சொல்ல ஆசைதான்.
மறுநாள் அவள் அம்மாவிடம் போய்விட்டாள்.

ஆகஸ்டில் ஆட்கள் வந்தார்கள்,
அலமாரிகளுக்கு விளிம்புக்கட்டை வைத்து,
நிலம் நடுங்கினால் ஜாடிகள் விழாதபடி.
ஜன்னல் மூலையில் புதிதாய் ஒட்டிய
இரண்டு காலடி மஞ்சளைக் காட்டி
"இது என்ன குறி?" என்றார் ஒருவர்.
"அளவு" என்றேன்.
அதன்மேல் இறக்கி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை.
மழைக்கோட்டோடு வந்து
ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள்.
எதையும் எடுக்காமல் நிற்கிறாள்
வெகுநேரம்.
குளிர் முழுக்க வெளியேறுகிறது.
மின்கட்டணத்தை நினைத்து
தொண்டையைச் செருமுகிறான் எரிபெர்ட்டோ.
நான் குழாயை மூடிவிட்டு
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.