கணவாய் ஓட்டுத் தூள்

ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்
சந்தியாகு மச்சான்.
"என் வண்டிதான். சருகு உருளுதுன்னு நெனச்சேன்."
பின்னங்கால் ஒன்று கோணியிருந்தது.
உடம்பெல்லாம் கரி.
ஒரு கண் என்னைப் பார்த்தது,
மறு கண் வாசலை.

மண்டபம் வன அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
வளர்க்கக் கூடாது, தெரியுமில்ல என்றார்கள்.
தெரியும்.
டாக்டர் வரும்வரை வைத்திருங்கள்,
திங்கட்கிழமை வருவார் என்றார்கள்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

முதலில் எதிர்வீட்டு பெனடிக்டாவின் மீன்தொட்டி.
கண்ணாடியில் தன்னையே கண்டு
பகையாளி என்று வாயைப் பிளந்தது.
காற்றும் இல்லை. திருப்பிக் கொடுத்தோம்.
அடுத்து நண்டுவலை.
நகம் கண்ணியில் மாட்டும் என்றார் மச்சான்;
மாட்டுவதற்கென்றே பின்னியதுதானே அது.
இரும்புவலை கச்சான் காற்றில்
ஒரு மாதம் தாங்காது.
கடைசியில் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை,
உடைந்த அலமாரியின் சட்டம்,
நாலடி உயரம்.
அகலத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை.
நம் தலைக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
கூண்டைத் தூக்கி மேசைமேல் வைத்தோம்.

மல்லிகை நாற்றங்கால் செடி வேண்டாம், மருந்தடித்தது.
அரளி விஷம். எருக்கும்.
செம்பருத்தித் தொட்டி ஒன்று,
விரல் தடிமனில் பூவரசங்கிளை,
முள் சீவிய உடைமரக் குச்சி,
குறுக்கும் நெடுக்குமாக.
சுற்றிலும் மணல் கிடக்கிற ஊரில்
கூண்டுக்குள் மட்டும் மணல் கூடாது:
நாக்கு நீட்டும்போது ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும்.
நேற்றைய பேப்பரை விரித்தேன்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை
அது தண்ணீர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.
மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கி,
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீரை
இலைமேல் சொட்டவிட்டேன்.
எங்கள் குழாயில் வருவது உப்பு.
ஆறாவது சொட்டில்
மூக்கை நீட்டிக் குடித்தது.

காலை வெயில் பாதிக் கூண்டுக்கு,
மீதிப் பாதி நிழல்.
மழை மூட்டமென்றால் நாற்பது வாட் பல்பு,
வலைக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி.
முதல் நாள் நெருக்கமாக வைத்துவிட்டேன்.
வாய் திறந்து மூச்சு வாங்கியது,
வெளுத்து.
தள்ளிவைத்தேன். கால் மணியில் பச்சை.

வெட்டுக்கிளி பிடிப்பது மச்சான் வேலை.
கரையில் ஒதுங்கிய கணவாய் ஓட்டை இடித்து
சலித்து
அந்தத் தூளில் வெட்டுக்கிளியைப் புரட்டுவோம்.
எலும்புக்கு நல்லது.
பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல
அவை குச்சியில் உட்கார்ந்திருக்கும்.
டப்.
அப்புறம் இருக்காது.

அந்த வாரம்தான் சங்கக் கூட்டத்தில்
மச்சானைப் பச்சோந்தி என்றார்கள்.
விசைப்படகுக்காரர் நாட்டுப்படகு பக்கம் பேசினாராம்.
சாப்பிடாமல் வந்து
கூண்டின் முன்னால் உட்கார்ந்தார்.
"இது கிளைக்கேத்த மாதிரி மாறலையே" என்றார்
வெகுநேரம் கழித்து.
இல்லை மச்சான்.
குளிர்ந்தால் கருக்கும், பயந்தால் கருக்கும்,
தூங்கினால் வெளுக்கும்.
உள்ளே இருப்பதைத் தோலில் போட்டுவிட்டு
நிற்கிறது.
அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
வியர்வையாகவும் இருக்கலாம்.

நாலாவது திங்களில் டாக்டர் வந்தார்.
கால் கூடிவிட்டது, விரல் ஒன்று மடங்காது,
பரவாயில்லை, ஏறும் என்றார்.
உடைமரக் காட்டில்
வனக்காவலர் கையெழுத்து வாங்க,
மச்சான் குச்சியை மரத்தோடு சேர்த்துப் பிடித்தார்.
ஓரடி வைத்தது. பின்னால் ஆடியது.
மறுபடி அதே அடி.
சட்டைப் பையில் போன் அடித்தது, சங்கத்துச் செயலாளர்.
எடுக்கவில்லை.
அரை மணி நேரம் கை நடுங்காமல் பிடித்திருந்தார்.
அலைக்குக்கூட இவ்வளவு பொறுத்ததில்லை அவர்.

கூண்டு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது,
கதவு திறந்தபடி.
செம்பருத்திக்காகச் சொட்டை நிறுத்தவில்லை.
இன்று காலை
பூவரசங்கிளையில் ஒரு வெட்டுக்கிளி,
பவுடர் போடாமல்,
யாரும் பிடித்து வராமல்.