நாலாவது கோடை

வியாழக்கிழமை இந்தக் குன்றை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள்.
விமான ஓடுதளம் இன்னும் அறுநூறு மீட்டர் நீள வேண்டுமாம்.
பாறையில் துளை போட்டாயிற்று.
துளைக்குத் துளை ஒரு ஆரஞ்சுக் கொடி
படபடக்கிறது,
கிரீன்லாந்தின் இந்தக் கரையில்
எந்தப் பூவுக்கும் வாய்க்காத உயரத்தில்.

அர்னயாரக் மண்டியிட்டிருக்கிறாள்.
மீன் ஆலையில் இரவுப் பணி முடித்து
ஹாலிபட் வாடை போகாத கையோடு வந்தவள்.
கம்பிச் சட்டத்தைத் தரையில் வைத்து
உள்ளே நிற்கும் பூந்தண்டுகளை எண்ணுவது
கோடையில் அவளுக்கு இன்னொரு வேலை.
சட்டத்துக்கு இவ்வளவு என்று
ஆராய்ச்சி நிலையம் கூலி தரும்.
ஒன்பது வருடமாகிறது.
காதுக்குள் கொசு புகுந்தாலும் எண் தவறாது.

கொசுவைத் திட்டவும் மாட்டாள்.
தேனீ அரிதான இடத்தில்
தாது சுமக்கிற வேலையை
அதுவும்தான் முனகிக்கொண்டு செய்கிறது.

செடி ஒரு விரல் உயரம்.
தண்டின் உச்சியில் வெள்ளைப் பூக்கள்,
கீழ்ப்பாதியில் கருஞ்சிவப்பாய்க் குறுமணிகள்.
பூ, கொசு வந்தால்.
மணி, வராவிட்டால்.
தாதும் சூலும் கேட்காமல்
விழுந்த இடத்தில் வேர்விடும்.
சில மணிகளுக்கு விழும்வரைகூடப் பொறுமை இல்லை,
தாயின் தண்டில் இருந்தபடியே
ஓர் இலையை நீட்டிவிடுகின்றன.

இன்று நாற்பத்தொன்று.
எழுதியாயிற்று. எழுந்து போயிருக்கலாம்.
என்ன தோன்றியதோ,
மீன் அறுக்கும் கத்தியால் ஒரு செடியைக்
கிழங்கோடு நெம்பினாள்.
வளைந்து கறுத்த கிழங்கு, சுண்டுவிரல் நுனியளவு.
நீளவாக்கில் பிளந்து
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக் குனிந்தாள்.

அடுத்த வருடத்து இலை சுருண்டு கிடந்தது.
அதன் மடியில் அடுத்த வருடத்துக் கொத்து,
பூ எது மணி எது என்று அதற்குள் பிரிந்து.
அதை ஒட்டி அதற்கடுத்த வருடம், நொய்யரிசி போல.
அதற்கும் உள்ளே
ஒரு மேடு.
மேடு என்பதே அதிகம், ஒரு பளபளப்பு.
இந்தக் கோடையில் தொடங்கியது;
மூன்று பனிக்காலம் தாண்டி வெளிச்சம் பார்க்க வேண்டியது.

அரும்பு, மொட்டு, முகை, மலர் என்று
பின்னாலேயே நடந்துபோய்
உதிர்ந்து கிடப்பதற்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது.
இந்தப் பளபளப்புக்கு என்ன பெயர்?
எனக்குத் தெரியவில்லை.
அவள் மொழியில் அவளுக்கும் எதுவும் நாவில் வரவில்லை.

குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
'நல்ல வெயில், நிறையப் பூ.'
'ஜூலையிலும் பனி, பூ குறைவு.'
எல்லாம் அவள் கையெழுத்து.
அப்படியானால் இந்த நாற்பத்தொன்று
நாலு கோடைக்கு முந்தைய சரக்கு.
மீன் விலை விழுந்து ஆலை மூடிக் கிடக்க,
திரையை இழுத்துவிட்டு
நடு இரவுச் சூரியனுக்கு முதுகைக் காட்டி
அவள் தூங்கித் தீர்த்த நாட்களில்
கீழே இருட்டில் ஆரம்பித்தது.
அந்த வருடக் கட்டத்தில் இரண்டே சொல்:
'ஒன்றும் இல்லை.'

"முடிந்ததா?" என்று வந்து நின்றான்
வெடிமருந்துக்குப் பொறுப்பான ஐஸ்லாந்துக்காரன் ஸ்டூர்லா.
"முதல் விமானம் எப்போது இறங்கும்?"
"எல்லாம் சரியாகப் போனால் மூன்று வருடம்."
அவள் சிரித்தாள்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

நீல மீன்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து
சட்டத்து அளவுக்குத் தரையை
மண்ணோடும் பாசியோடும் பெயர்த்து நிரப்பினாள்.
கனம்.
ஒரு பக்கம் அவன் பிடித்தான்.
வழியெல்லாம் மணிகள் உதிர்ந்தன,
ஒன்று அவன் காலணிச் சேற்றில் ஒட்டிக்கொண்டது.

பிளந்த கிழங்கை என்ன செய்வது.
திரும்ப ஒட்டாது.
ஓவர்கோட்டில் துடைத்து வாயில் போட்டு மென்றாள்.
பாதாம் போல ஒரு ருசி, கொஞ்சம் மண்,
நாலு கோடை.