மருந்து நிறுத்தல்

ஃபானை நிறுத்துங்கோ என்றான் சல்தீன், முதல் நாளே.
காற்றுப் பட்டால் தராசு பொய் சொல்லும்.
அது எனக்குத் தெரியாதா?
வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருசம்
பார்மசி நடத்துகிறவள் நான்.
மருந்து நிறுப்பது எப்படி என்று
பதினைந்து வயது இளையவன் சொல்லித்தந்ததில்
சின்னக் கடுப்பு.

இது வேறு மருந்து அன்ரி, என்றான்.
பென்சில் கூர் ஒடித்துப் போட்டதுபோல் கறுப்பு.
கரண்டியைத் தட்டத் தட்ட
ஒவ்வொன்றாக விழுந்தது.

கொள்ளுப்பிட்டி, கழகத்தின் பின்னறை.
சுவருக்கு அப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் கடல்.
கோச்சி போனால் முள் ஆடும்.
ஆடி ஓயும்வரை கைகட்டி இருக்க வேண்டும்.
வேலை முடிந்து கல்கிசைக்குப் போகிறவர்கள் எல்லாரும்
என் தராசில் ஏறி
இறங்கிப் போனார்கள்.

கைத்துப்பாக்கிக் கோது லேசு. நேரான உடம்பு,
லிப்ஸ்டிக் குப்பி மாதிரி.
றைபிள் கோதுக்குத் தோள் உண்டு, கழுத்து உண்டு, வாயும் உண்டு.
சுட்டபின் சற்றுப் பருத்துத் திரும்பும்.
அச்சில் நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.
எண்ணெய் பூச மறந்து நெரித்தேன்.
சிக்கிக்கொண்டது.
நெம்புகோலில் நான் தொங்கினேன், பிறகு அவன் தொங்கினான்.
அன்றைய பாடம் முழுக்க அந்த ஒன்றை வெளியே எடுப்பது.

பதிவேடு:
வெறுங்கோது ஐம்பது. வாங்கியவர் சி. தவறஞ்சினி.
அடையாள அட்டை இலக்கம், நேரம், ஒப்பம்.
(பெயரைப் பிரித்துப் படித்தால்
தவறுக்கு அஞ்சியவள் என்று வரும்;
அம்மா நினைத்து வைத்திருக்க மாட்டா.)

தொண்ணூற்றேழில் இதே காலி வீதியில்
என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள்.
சீப்பு, சில்லறை, இரண்டு பனடோல்.
கூடவே இப்படி ஒரு கோது விழுந்திருந்தால்
வீட்டில் என் படத்துக்கு மாலை.

எழுதுவினைஞர் பண்டார எண்ணித் தருகிறார், ஐம்பது.
நானும் எண்ணுகிறேன், ஐம்பது.

மூன்றாம் கிழமை, மருந்து ஊற்றும்போது போன் வந்தது.
பிள்ளையின் பாணி மருந்து சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?
பின், என்றுவிட்டுத் திரும்பினால்
பதினேழாவது கோது.
ஊற்றினேனா?

ஊற்றவில்லை என்றால் ரவை பாதிக் குழலில் நின்றுவிடும்,
அடுத்தது அதன் முதுகில் போய் இடிக்கும்.
இரண்டு தரம் என்றால் துப்பாக்கி கைக்குள்ளேயே விரியும்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
இருட்டுக்குள் கறுப்பு. அளவா, கூடவா?

ஒருதரம், ஒரே ஒருதரம்,
ஒரு குழந்தையின் போத்தலில்
ஒரு கரண்டி என்பதை இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.
பின்னேரம் நினைவு வந்து
ஹவ்லொக் வீதியில் கதவு கதவாகத் தட்டினேன்.
பிள்ளை வாளிக்குள் இருந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது.
காய்ச்சல் தானாக விட்டுதாம், தாய் மூடியைத் திறக்கவே இல்லை.
ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்றா.
குடித்தேன். கோப்பை பல்லில் இடித்தது.

அந்த ஒன்றைக் கொட்டினால் போதும் என்றான் சல்தீன்.
பதினேழையும் கொட்டினேன்.

அன்று மூடும்போது நிரப்பியது ஒன்பது,
வெறுங்கோது நாற்பத்தொன்று.
பண்டார இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் பூட்டினார்.

சனிக்கிழமை ஒன்பதையும் சுட்டேன். ஒன்பதும் வெடித்தன.
தாளில் ஐந்து ஓட்டை;
மிச்ச நாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
குனிந்து கோது பொறுக்கினேன். எட்டு.
மேசைக்குக் கீழே, மண்மூட்டை இடுக்கில், சல்தீனின் சப்பாத்தடியில்.
எட்டுத்தான்.
பண்டார பதிவேட்டை விரித்து
பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

பின்னால் கதிரையில்
திறந்தபடி கிடந்தது என் கைப்பை.
சீப்புக்கும் பனடோலுக்கும் நடுவே அது,
இன்னும் சூடாக.